இடத்துக்கும் நேரத்துக்கும் ஆங்கிலத்தில் எந்த ப்ரெபொசிஷன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் ஓரளவு கைவந்த பிறகும் கடைசிவரை காலை வாரிவிடுபவை பெரிய சொற்கள் இல்லை. இரண்டெழுத்து, மூன்றெழுத்து ப்ரெபொசிஷன்கள்தான். பள்ளிப் பாடத்தில் இவற்றை ‘முன்னிடைச்சொல்’ என்று படித்திருப்பீர்கள். இங்கே இடமும் நேரமும் குறிக்கும் சொற்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்திலேயே இருக்கின்றன. ‘இன்’ என்றால் ஐ-என். ‘ஆன்’ என்றால் ஓ-என். ‘அட்’ என்றால் ஏ-டி. ‘ஆவ்’ என்று வருவது ஓ-எஃப், ‘ஆஃப்’ என்று வருவது ஓ-எஃப்-எஃப். எடுத்துக்காட்டு வாக்கியங்களை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணைவிட நாக்குதான் இவற்றை நன்றாக நினைவில் வைக்கும்.

தமிழில் ‘இல்’ ஒன்றே எல்லாவற்றையும் சமாளிக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இன், ஆன், அட் என்று மூன்று?

சுவரில் படம், சுவரில் ஆணி, சுவரில் சன்னல். மூன்றிலும் ஒரே ஏழாம் வேற்றுமை உருபு. படம் சுவரை ஒட்டித் தொங்குகிறது, ஆணி சுவருக்குள் இறங்கியிருக்கிறது, சன்னல் சுவரின் ஒரு பகுதியாகவே இருக்கிறது என்பதைக் கேட்பவர் தானாகவே புரிந்துகொள்வார் என்று தமிழ் விட்டுவிடுகிறது. ஆங்கிலம் அதைச் சொல்பவர் தலையில் வைக்கிறது. ‘தி பிக்சர் இஸ் ஆன் தி வால்.’ ‘தேர் இஸ் எ நெயில் இன் தி வால்.’ ‘தேர் இஸ் எ விண்டோ இன் தி வால்.’

மரத்தில் காய்த்த மாங்காய்க்கு ‘ஆன் தி ட்ரீ’. அதே மரத்தில் வந்து உட்கார்ந்த குருவிக்கு ‘இன் தி ட்ரீ’. மாங்காய் மரத்தோடு ஒட்டிய உறுப்பு. குருவியைச் சுற்றி இலையும் கிளையும் சூழ்ந்திருக்கின்றன.

அதனால் “‘இல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன?” என்று தேடினால் விடை கிடைக்காது. உருபை மொழிபெயர்ப்பதுதான் பெரும்பாலான பிழைகளின் வேர். உருபை மறந்துவிட்டுக் காட்சியைப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் இடத்துக்கு எதை வைத்து முடிவு செய்வது?

அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுற்றிலும் எல்லை உள்ள ஒன்றின் உட்புறமாகப் பார்த்தால் ‘இன்’: அறை, பெட்டி, ஊர், நாடு, தண்ணீர், வயல். ஒரு பரப்பாகவோ கோடாகவோ பார்த்தால் ‘ஆன்’: தரை, சுவர், சாலை, கடற்கரை, ஆற்றங்கரை, எல்லைக்கோடு. வரைபடத்தில் குத்திய ஒரு புள்ளியாகப் பார்த்தால் ‘அட்’: பஸ் ஸ்டாப், வாசல், சிக்னல், கவுண்டர்.

ஒரே இடத்தை மூன்று விதமாகவும் பார்க்கலாம் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. விழுப்புரத்தில் குடியிருப்பவர் ‘ஐ லிவ் இன் விழுப்புரம்’ என்பார். அவருக்கு அது தெருக்களும் வீடுகளும் உள்ள ஊர். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போகிறவருக்கு ‘தி ட்ரெயின் ஸ்டாப்ஸ் அட் விழுப்புரம்’. அவருக்கு அது பாதையில் ஒரு நிறுத்தம். ஊர் மாறவில்லை, பார்வைதான் மாறியது. ‘பெரிய ஊருக்கு இன், சிறிய ஊருக்கு அட்’ என்று சில பழைய இலக்கணக் கையேடுகளில் வரும் விதியைவிட இது எவ்வளவோ பயன்படும்.

வங்கியும் அப்படித்தான். எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்டால் ‘ஐயம் அட் தி பேங்க்’. வங்கி வேலையாக அங்கே இருக்கிறேன் என்று பொருள், வாசலில் நின்றாலும் சரி. வெளியே மழை, உள்ளே ஒதுங்கியிருக்கிறேன் என்றால் ‘ஐயம் இன் தி பேங்க்’.

தீவுகளில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். ராமேஸ்வரத்தை ஊராக எண்ணினால் ‘இன் ராமேஸ்வரம்’. பாம்பன் தீவை நிலப்பரப்பாக எண்ணினால் ‘ஆன் பாம்பன் ஐலண்ட்’. திருச்சி காவிரிக்கரையில் இருக்கிறது: ‘திருச்சி இஸ் ஆன் தி காவேரி.’ காவிரியில் குளிக்கும்போது ‘இன் தி காவேரி’.

முகவரி சொல்லும்போது எது வரும்?

பெரியதிலிருந்து சிறியதுக்கு வந்தால் இன், ஆன், அட் என்ற வரிசை. நாடு, மாநிலம், ஊர், பேட்டை எல்லாவற்றுக்கும் ‘இன்’: ‘இன் மதுரை’, ‘இன் மயிலாப்பூர்’. சாலைக்கு ‘ஆன்’: ‘ஆன் அண்ணா சாலை’. கதவு எண் வந்துவிட்டால் ‘அட்’: ‘அட் 12 அண்ணா சாலை’. எண் இருந்தால் ‘அட்’, எண் இல்லாத சாலைக்கு ‘ஆன்’. ‘ஆன் 12 அண்ணா சாலை’ என்று கலக்கக் கூடாது. பிரிட்டிஷ் வழக்கில் தெருப்பெயருக்கு முன் ‘இன்’ போடுவதும் உண்டு; அதைத் தவறு என்று திருத்த வேண்டாம்.

மாடிக்கு எப்போதும் ‘ஆன்’: ‘ஆன் தி செகண்ட் ஃப்ளோர்’. அறைக்கு ‘இன்’: ‘இன் ரூம் 204’. முனைக்கடை தெருமுனையில் வெளிப்புறமாக இருப்பதால் ‘அட் தி கார்னர்’ அல்லது ‘ஆன் தி கார்னர்’. அறைக்குள் மூலையில் கிடக்கும் நாற்காலிக்கு ‘இன் தி கார்னர்’. முனை, மூலை என்று தமிழில் நாம் சொல்லையே மாற்றுகிறோம். ஆங்கிலத்தில் சொல் அப்படியே இருக்கும், ப்ரெபொசிஷன் மாறும்.

‘எதிரில்’ என்றால் ‘இன் ஃப்ரண்ட் ஆவ்’ தானே?

இல்லை. டெலிவரிக்கு வருபவர் சாலையின் தவறான பக்கத்தில் நிற்பதற்கு இந்தக் குழப்பமே காரணம். வங்கிக்கு எதிரில், அதாவது சாலையைக் கடந்து மறுபக்கத்தில் முகம் பார்த்து நிற்கிற கட்டடத்துக்கு ‘ஆப்பசிட் தி பேங்க்’. வங்கி இருக்கும் பக்கத்திலேயே, அதன் வாசலுக்கு முன்னால் நிற்கிற வண்டிக்கு ‘இன் ஃப்ரண்ட் ஆவ் தி பேங்க்’. இடையில் சாலையோ மேசையோ இருந்து இரண்டும் ஒன்றையொன்று பார்த்தால் ‘ஆப்பசிட்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆப்பசிட்’ சொல்லுக்குப் பிறகு ‘டு’ தேவையில்லை. ‘இன் ஃப்ரண்ட்’ இரண்டு சொற்கள். சேர்த்து எழுதினால் எழுத்துப்பிழை.

‘இன் தி ஃப்ரண்ட் ஆவ் தி பஸ்’ என்று நடுவில் ‘தி’ சேர்ந்தால் பொருளே மாறும்: பேருந்துக்குள் முன்பகுதியில். ‘இன் ஃப்ரண்ட் ஆவ் தி பஸ்’ என்றால் பேருந்துக்கு வெளியே, அதன் முன்னால்.

பக்கத்தில் என்பதற்கு ‘நியர் தி பஸ் ஸ்டாண்ட்’ போதும். ‘நியர்பை’ தனியாகத்தான் வரும்: ‘ஐ லிவ் நியர்பை’. அதன் பின்னால் இடப்பெயரை ஒட்ட வேண்டாம். ஒட்டியபடி அடுத்த வீடு என்றால் ‘நெக்ஸ்ட் டு’ அல்லது ‘பிசைட்’. ‘பிசைட்ஸ்’ என்று ஓர் ‘எஸ்’ கூடினால் ‘தவிர’ என்று அர்த்தம் போய்விடும்.

பஸ்ஸில் போகும்போது இன்னா, ஆனா? காரில்?

பஸ், ரயில், விமானம், கப்பல்: ‘ஆன்’. கார், டாக்சி, ஆட்டோ: ‘இன்’. உள்ளே எழுந்து நின்று நடக்க முடிந்தால் ‘ஆன்’, குனிந்து ஏறி உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டுமானால் ‘இன்’ என்பது கைவசம் வைத்துக்கொள்ள நல்ல குறிப்பு. கப்பலுக்கு ‘ஆன்’, சிறு படகுக்கு ‘இன்’ என்பதும் இதற்குள் அடங்கும். சைக்கிள், பைக், குதிரை ஆகியவற்றின் மேல் உட்காருகிறோம், ஆகவே ‘ஆன்’.

ஏறுவதும் இறங்குவதும் இதையே பின்பற்றும். பஸ்ஸில் ஏற ‘கெட் ஆன்’, இறங்க ‘கெட் ஆஃப்’. காரில் ஏற ‘கெட் இன்’ அல்லது ‘கெட் இன்டு’, இறங்க ‘கெட் அவுட் ஆவ்’. நடத்துநரிடம் ‘ஐ வாண்ட் டு கெட் டவுன் அட் கிண்டி’ என்றால் இந்தியா முழுக்கப் புரியும்; வெளிநாட்டில் ‘கெட் ஆஃப் அட் கிண்டி’ என்ற அமைப்பே செல்லும், ‘கெட் டவுன்’ என்றால் உயரத்திலிருந்து கீழே இறங்குவதாகவோ குனிவதாகவோ நினைப்பார்கள்.

எந்த வகை வாகனம் என்று மட்டும் சொல்ல ‘பை’ வரும்: ‘பை பஸ்’, ‘பை ட்ரெயின்’. ‘பை’ வந்தால் நடுவில் ‘எ’, ‘தி’, ‘மை’ எதுவும் வரக் கூடாது. ‘பை மை கார்’ தவறு. ‘இன் மை கார்’ என்றோ ‘பை கார்’ என்றோ சொல்லுங்கள். நடந்து வந்தேன் என்பதற்கு ‘பை வாக்’ கிடையாது. ‘ஆன் ஃபுட்’, அல்லது இன்னும் இயல்பாக ‘ஐ வாக்ட்’.

‘மேல்’ என்பதற்கு ஆன், ஓவர், அபவ் மூன்றும் சொல்கிறார்கள். எது எப்போது?

தமிழே இங்கே பாதி வழியைக் காட்டுகிறது. ‘மேசை மேல் விளக்கு’ என்றால் விளக்கு மேசையைத் தொடுகிறது. ‘மேசைக்கு மேல் விளக்கு’ என்றால் இடையில் வெற்றிடம் இருக்கிறது. ‘கு’ இல்லாவிட்டால் பெரும்பாலும் ‘ஆன்’. ‘கு’ இருந்தால் ‘ஓவர்’ அல்லது ‘அபவ்’.

அவை இரண்டுக்கும் இடையே: ஒன்றைக் கடந்து போவது, மூடிப் போர்த்துவது என்றால் ‘ஓவர்’. பாலம் ஆற்றுக்கு ‘ஓவர்’, போர்வை குழந்தைக்கு ‘ஓவர்’. வெறும் உயரத்தை அளவுகோலில் ஒப்பிட்டால் ‘அபவ்’: ‘ஊட்டி இஸ் மோர் தேன் 2,000 மீட்டர்ஸ் அபவ் சீ லெவல்.’ வெப்பநிலைக்கும் அப்படியே, ‘அபவ் 40 டிகிரீஸ்’. வயதுக்கும் எண்ணிக்கைக்கும் பேச்சு வழக்கில் ‘ஓவர்’, ‘அண்டர்’: ‘ஓவர் 18’, ‘அண்டர் 5’. கீழே என்பதில் ‘அண்டர்’ சொல்லுக்கு ‘ஓவர்’ ஜோடி, ‘பிலோ’ சொல்லுக்கு ‘அபவ்’ ஜோடி. பூனை கட்டிலுக்கு ‘அண்டர்’. கையெழுத்து இந்தக் கோட்டுக்குக் கீழே என்றால் ‘பிலோ’.

பேப்பரில், டிவியில், இணையத்தில், போட்டோவில்: இவற்றுக்கு?

திரையும் அலைவரிசையும் ‘ஆன்’: ஆன் டிவி, ஆன் தி ரேடியோ, ஆன் தி ஃபோன், ஆன் தி இன்டர்நெட், ஆன் தி வெப்சைட். எழுத்தும் படமும் ‘இன்’: இன் தி நியூஸ்பேப்பர், இன் தி புக், இன் தி ஈமெயில், இன் தி ஃபோட்டோ. பக்க எண் வந்தால் ‘ஆன் பேஜ் 5’. பக்கத்தின் மேலும் கீழும் ‘அட் தி டாப்’, ‘அட் தி பாட்டம்’. நடுவில் என்றால் ‘இன் தி மிடில்’. இடது, வலது ‘ஆன் தி லெஃப்ட்’, ‘ஆன் தி ரைட்’.

ப்ரெபொசிஷனே போடக் கூடாத இடங்கள் உண்டா?

உண்டு. தமிழில் ‘க்கு’ இருக்கிறதே என்று ஆங்கிலத்தில் ‘டு’ சேர்ப்பதால் வரும் பிழைகள் இவை. வீட்டுக்குப் போனேன்: ‘ஐ வெண்ட் ஹோம்’, நடுவில் ‘டு’ இல்லை. ஆனால் ‘மை’ வந்துவிட்டால் ‘ஐ வெண்ட் டு மை ஹவுஸ்’. இங்கே, அங்கே, வெளிநாட்டுக்கு, மாடிக்கு என்ற பொருளில் வரும் ஹியர், தேர், அப்ராட், அப்ஸ்டேர்ஸ் ஆகியவற்றுக்கும் ‘டு’ வேண்டாம். ‘ஃபாரின்’ பெயரடை, ‘ஹி வெண்ட் டு ஃபாரின்’ என்று சொல்ல முடியாது, ‘ஹி வெண்ட் அப்ராட்’.

‘ரீச்’, ‘என்டர்’ இரண்டும் இடத்தை நேராகவே தொடும். ‘வி ரீச்ட் மதுரை’, ‘ஷி என்டர்ட் தி ரூம்’. ‘அரைவ்’ மட்டும் துணை கேட்கும்: ஊருக்கும் நாட்டுக்கும் ‘அரைவ்ட் இன் மதுரை’, ஸ்டேஷனுக்கும் விமான நிலையத்துக்கும் ‘அரைவ்ட் அட் தி ஏர்போர்ட்’. ‘அரைவ்ட் டு’ எந்த ஆங்கிலத்திலும் கிடையாது.

நேரத்தில் திஸ், லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி ஆகிய நான்கும் வந்தால் ப்ரெபொசிஷன் விழுந்துவிடும். ‘ஆன் லாஸ்ட் மண்டே’, ‘இன் நெக்ஸ்ட் வீக்’ இரண்டும் தவறு. ‘லாஸ்ட் மண்டே’, ‘நெக்ஸ்ட் வீக்’ மட்டும் போதும். டுடே, டுமாரோ, யெஸ்டர்டே சொற்களுக்கும் அதே. நாளைக் காலை ‘டுமாரோ மார்னிங்’, நேற்றிரவு ‘லாஸ்ட் நைட்’.

நேரத்துக்கு இன், ஆன், அட் எப்படிப் பிரியும்?

நாள்தான் நடுக்கோடு. நாளுக்கு ‘ஆன்’. நாளைவிடப் பெரிய காலத்துக்கு ‘இன்’. கடிகாரம் காட்டும் கணத்துக்கு ‘அட்’.

இந்திய விடுதலையை வைத்துப் பார்க்கலாம். இன் தி ட்வென்டியத் செஞ்சுரி, இன் 1947, இன் ஆகஸ்ட், இன் ஆகஸ்ட் 1947, ஆன் 15 ஆகஸ்ட் 1947, அட் மிட்நைட். மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் ‘இன்’. தேதி ஒன்று ஒட்டிக்கொண்டால் உடனே ‘ஆன்’. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்ததை ‘இன் 1950’ என்றும் சொல்லலாம், ‘ஆன் 26 ஜனவரி 1950’ என்றும் சொல்லலாம். ‘இன் 26 ஜனவரி’ என்றால் பிழை.

‘சந்திரயான்-3 லேண்டட் ஆன் தி மூன் ஆன் 23 ஆகஸ்ட் 2023.’ முதல் ‘ஆன்’ நிலவின் பரப்புக்கு, இரண்டாவது தேதிக்கு. இடத்துக்கும் நேரத்துக்கும் ஒரே சொல் அடுத்தடுத்து வந்தால் தவறோ என்று பயப்பட வேண்டாம்.

காலையில் ‘இன்’, இரவில் ‘அட்’ என்கிறார்களே?

இன் தி மார்னிங், இன் தி ஆஃப்டர்நூன், இன் தி ஈவ்னிங். ஆனால் அட் நைட். இரவை மட்டும் ஆங்கிலம் பழைய பழக்கமாகப் புள்ளிபோல நடத்துகிறது, ‘தி’ கூட வராது. ‘இன் தி நைட்’ என்று சொன்னால் இரவில் இடையே ஒரு நேரம் என்று பொருள்: ‘தி பேபி வோக் அப் ட்வைஸ் இன் தி நைட்.’

கிழமையோ தேதியோ சேர்ந்த உடனே எல்லாம் ‘ஆன்’ ஆகிவிடும்: ஆன் மண்டே மார்னிங், ஆன் சேட்டர்டே நைட், ஆன் தி ஈவ்னிங் ஆவ் 14 ஏப்ரல். ‘இன் மண்டே மார்னிங்’ என்ற பிழை நம்மிடம் மிகுதி. ‘மார்னிங்’ என்ற சொல்லைக் கண்டதும் கை தானாக ‘இன்’ போட்டுவிடுகிறது.

பண்டிகைக்கும் இதே சூத்திரம். நாலு நாள் நீளும் பொங்கல் சமயம் முழுவதையும் சொன்னால் ‘அட் பொங்கல்’. அந்த ஒரு நாளைச் சொன்னால் ‘ஆன் பொங்கல் டே’.

சின்ஸ்-ஃபார், பிஃபோர்-அகோ, பை-விதின், ஆஃப்டர்-இன்: இந்த ஜோடிகள் எல்லாமே குழப்புகின்றனவே?

நான்கு ஜோடிகளுக்கும் ஒரே சோதனைதான், இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். பின்னால் வருவது நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளியா, அல்லது எண்ணி அளக்கும் நீளமா? வெள்ளிக்கிழமை, 2019, தீபாவளி, ஐந்து மணி ஆகியவை புள்ளி. இரண்டு நாள், ஐந்து வருஷம், பத்து நிமிஷம் ஆகியவை நீளம்.

‘ஐந்து வருஷமாக இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பதில் நீளம், ஆகவே ‘ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ ‘2019-லிருந்து’ என்பது புள்ளி, ஆகவே ‘சின்ஸ் 2019’. ‘சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ தவறு. ‘ஐ ஆம் வர்க்கிங் ஹியர் ஃப்ரம் 2019’ என்பதில் இரண்டு பிழை: இன்றுவரை நீளும் செயலுக்கு ‘ஃப்ரம்’ போதாது, வினையும் ‘ஹேவ் பீன்’ ஆக வேண்டும். காலையிலிருந்து என்பதை ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ என்றும், ரொம்ப நாளாக என்பதை ‘ஃபார் எ லாங் டைம்’ என்றும் சொல்லுங்கள். ‘சின்ஸ் லாங்’ வேண்டாம்.

‘இரண்டு நாளுக்கு முன்பு’ என்பதில் நீளம்: ‘டூ டேஸ் அகோ’. இந்த ‘அகோ’ மட்டும் தமிழ்போலப் பின்னால் வரும். ‘தீபாவளிக்கு முன்பு’ என்பதில் புள்ளி: ‘பிஃபோர் தீபாவளி’. ‘ஐ சா ஹிம் பிஃபோர் டூ டேஸ்’ என்பது தமிழை அப்படியே ஆங்கில உடுப்பில் நிறுத்துவது. தமிழரின் ஆங்கிலத்தில் முதலில் களைய வேண்டியது இதுதான்.

‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்பதில் புள்ளி: ‘பை ஃப்ரைடே’. ‘இரண்டு நாளுக்குள்’ என்பதில் நீளம்: ‘விதின் டூ டேஸ்’. இரண்டிலும் நாம் ‘க்குள்’ சொல்வதால் ‘விதின் ஃப்ரைடே’ என்று எழுதிவிடுகிறோம்.

‘பத்து நிமிஷம் கழித்து வருகிறேன்’, இப்போதிலிருந்து எண்ணினால், ‘ஐ வில் கம் இன் டென் மினிட்ஸ்.’ ‘சாப்பாட்டுக்குப் பிறகு’ என்றால் ‘ஆஃப்டர் லஞ்ச்’. ‘இன் டென் மினிட்ஸ்’ என்றால் பத்தாவது நிமிஷ வாக்கில். ‘விதின் டென் மினிட்ஸ்’ என்றால் பத்தைத் தாண்டாமல், ஐந்தாகவும் இருக்கலாம். நடந்து முடிந்த கதையைச் சொல்லும்போது மட்டும் நீளத்தோடும் ‘ஆஃப்டர்’ இயல்பாக வரும்: ‘ஆஃப்டர் டென் மினிட்ஸ், ஷி லெஃப்ட்.’

‘பை ஃப்ரைடே’, ‘அன்ட்டில் ஃப்ரைடே’ இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

‘பை’ ஒரு முறை நடந்து முடிய வேண்டியதற்கான கெடு. ‘அன்ட்டில்’ அதுவரை விடாமல் தொடர்வது. தமிழின் ‘க்குள்’, ‘வரை’ இரண்டும் இந்த வேறுபாட்டை அப்படியே காட்டும். ‘சப்மிட் தி ஃபார்ம் பை ஃப்ரைடே’ என்பது சரி. ‘சப்மிட் தி ஃபார்ம் அன்ட்டில் ஃப்ரைடே’ என்றால் வெள்ளிவரை கொடுத்துக்கொண்டே இரு என்றாகிவிடும். ‘டில்’ என்பது ‘அன்ட்டில்’ சொல்லுக்கு இன்னொரு வடிவம், பொருள் ஒன்றே.

எதிர்மறையோடு ‘அன்ட்டில்’ வந்தால் தமிழில் ‘தான்’ போட்டுப் புரிந்துகொள்ளுங்கள். ‘தி ஆபீஸ் வோன்ட் ஓப்பன் அன்ட்டில் டென்’ என்றால் பத்து மணிக்குத்தான் திறக்கும்.

அலுவலக மின்னஞ்சலில் ஓர் எச்சரிக்கை. ‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேர்த்தி. ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் வியாழனே கடைசி. ‘ஆன் லீவ் அன்ட்டில் வெட்னஸ்டே’ என்று எழுதினால் புதனன்று வருவீர்களா மாட்டீர்களா என்பது படிப்பவருக்குத் தெரியாது. ‘ஐ வில் பி பேக் ஆன் தர்ஸ்டே’ என்று திரும்பும் நாளையே எழுதிவிடுங்கள். கெடுவில் மணியையும் சேர்ப்பது நல்லது: ‘பை 5 பிஎம் ஆன் ஃப்ரைடே’.

‘பிட்வீன் 10 டு 11’ என்று எழுதலாமா?

கூடாது. ‘பிட்வீன்’ வந்தால் ‘அண்ட்’, ‘ஃப்ரம்’ வந்தால் ‘டு’. ‘பிட்வீன் 10 அண்ட் 11’ என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் ஏதோ ஒரு சமயம். ‘ஃப்ரம் 10 டு 11’ என்றால் முழு ஒரு மணி நேரமும். மெக்கானிக் ‘பிட்வீன்’ சொன்னால் காத்திருங்கள், வகுப்பு ‘ஃப்ரம்’ என்று சொன்னால் பத்துக்கே போய்விடுங்கள்.

ஆன் டைம், இன் டைம். அட் தி எண்ட், இன் தி எண்ட்?

குறித்த நேரத்துக்குச் சரியாக: ‘ஆன் டைம்’. காரியம் கெடுவதற்குள், போதிய அவகாசத்தோடு: ‘இன் டைம்’. ரயில் ‘ஆன் டைம்’ வந்தது, நீங்கள் அதைப் பிடிக்க ‘இன் டைம்’ போய்ச் சேர்ந்தீர்கள். ‘அட் தி எண்ட்’ சொல்லுக்குப் பின்னால் எதன் முடிவில் என்பது வரும்: ‘அட் தி எண்ட் ஆவ் தி மன்த்’. ‘இன் தி எண்ட்’ தனியாக நிற்கும். கடைசியில் ஒருவழியாக என்று பொருள்.

‘ட்யூரிங்’ எப்போது?

அதற்குப் பின்னால் ஒரு நிகழ்ச்சியின் பெயர் வர வேண்டும்: ட்யூரிங் தி மீட்டிங், ட்யூரிங் தி எக்ஸாம். எண் வந்தால் ‘ஃபார்’: ஃபார் டூ அவர்ஸ். எழுவாயும் வினையும் கொண்ட முழு வாக்கியம் வந்தால் ‘வைல்’: ‘வைல் வி வேர் ஈட்டிங்’.

பிரிட்டிஷ் முறை, அமெரிக்க முறை என்று மாறுபடுகிறதா? தேர்வில் எதை எழுதுவது?

சில இடங்களில் மாறும். வார இறுதிக்கு பிரிட்டனில் ‘அட் தி வீக்கெண்ட்’, அமெரிக்காவில் ‘ஆன் தி வீக்கெண்ட்’. நோயாளியாகப் படுத்திருப்பவர் பிரிட்டனில் ‘இன் ஹாஸ்பிடல்’, அமெரிக்காவில் ‘இன் தி ஹாஸ்பிடல்’. திங்கள் முதல் வெள்ளி வரை என்பது பிரிட்டனில் ‘மண்டே டு ஃப்ரைடே’. அமெரிக்காவில் ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’, வெள்ளியும் உள்ளடங்கும் என்று சந்தேகமறச் சொல்வதற்கு. அமெரிக்கப் பேச்சில் கிழமைக்கு முன் ‘ஆன்’ விழுந்துவிடுவதும் சகஜம்: ‘சீ யூ மண்டே.’ நம் ஊர்ப் பாடநூல்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் வழக்கையே ஒட்டியவை. உள்ளூர்த் தேர்வில் அதையே எழுதுங்கள். ஐஇஎல்டிஎஸ் தேர்வில் இரண்டும் ஏற்கப்படும், ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

விதி தெரிந்தும் பேசும்போது தப்பு வருகிறது. எப்படிப் பழகுவது?

இவற்றைக் காதால் மட்டும் கற்பது கடினம், அதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலப் பேச்சில் ப்ரெபொசிஷன்களுக்கு அழுத்தம் கிடையாது. ‘அட்’ பாதி விழுங்கப்பட்டு வரும், ‘டு’ வெறும் ‘ட’ ஆகிவிடும், ‘ஆவ்’ சில சமயம் ‘அ’ அளவுக்குத் தேய்ந்துபோகும். படத்தில் நூறு முறை கேட்டாலும் காது பிடிக்காமல் போவது அதனால்தான். கேட்பதோடு எழுத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆங்கில சப்டைட்டிலோடு பத்து நிமிஷம் பார்ப்பது சப்டைட்டில் இல்லாத ஒரு மணி நேரத்தைவிட இதற்கு உதவும்.

சொல்லைத் தனியாகக் குறிக்காதீர்கள். ‘நைட்’ என்று எழுதுவதற்குப் பதில் ‘அட் நைட்’ என்று இரண்டையும் ஒட்டியே நோட்டில் எழுதுங்கள். ‘ஆன் தி ஃப்ளோர்’, ‘இன் எ கார்’, ‘பை ஃப்ரைடே’ எல்லாமே ஒரே சொல்போல நாக்கில் உட்கார வேண்டும். நாளுக்கு ஐந்து சேர்த்தால் போதும். அதற்கு மேல் எழுதினால் திரும்பப் பார்க்க மாட்டீர்கள்.

வாரம் ஒருமுறை நீங்கள் ஏற்கெனவே அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றை எடுங்கள். இடமும் நேரமும் குறிக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் கோடு போடுங்கள். இடம் என்றால் உட்புறமா, பரப்பா, புள்ளியா என்று கேளுங்கள். நேரம் என்றால் புள்ளியா, நீளமா என்று கேளுங்கள். பதில் எழுதியதோடு ஒத்துப்போகாத இடத்தில் முழு வாக்கியத்தையும் திரும்ப எழுதி, மூன்று முறை உரக்கப் படியுங்கள். ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்ப வரும் பிழை நாலைந்துதான் இருக்கும். உங்களுடையவை எவை என்று மூன்று, நான்கு மின்னஞ்சல்களிலேயே தெரிந்துவிடும். அவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி மேசை மேல், அதாவது ‘ஆன் தி டேபிள்’, வைத்துக்கொள்ளுங்கள்.